ஏலத்தில் போன ஏரி மண்

நல்ல காரியம் என்று சொல்லிக்கொண்டு யாராவது வாசலில் வந்து நின்றால் எனக்கு இன்றும் முதலில் சந்தேகம்தான் வரும். யாருக்கு நல்லது, அதற்கு மண் சுமக்கப்போவது யார் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன். என் பிள்ளைகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "மரம் நடத்தானேம்மா கேட்கிறாங்க, அதுக்கு ஏன் அவங்களைப் போலீஸ் மாதிரி விசாரிக்கிற?" என்பார்கள். விசாரிப்பேன். எனக்கு அதற்கு உரிமை உண்டு. இரண்டு கோடை நான் அந்த நல்ல காரியத்தில் வேலை பார்த்தவள்.

எழுபதுகளின் பின்பாதி அது. சித்தூரில் ஆசிரியப் பயிற்சி முதல் வருஷம் முடித்துவிட்டு விடுமுறையில் வீட்டில் இருந்தேன். நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வயசுப் பெண் மத்தியானத்தில் விசிறியை வைத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படித்துக் கிடப்பது அவருக்குக் கண்ணில் முள். எங்கள் கிறிஸ்தவச் சபையின் பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். ஏரி தூர் வாருவது, கிணறு சுத்தம் செய்வது, மரம் வைப்பது அதன் வேலை. சுற்றுச்சூழல் என்ற சொல்லெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. ஏரிச் சங்கம் என்றுதான் சொல்வோம். தலைமை ஆபீஸ் திருப்பதியில் இருந்தது, எங்கள் பக்கத்து வேலைகளுக்குச் சித்தூரில் ஒரு கமிட்டி. கோடையில் மட்டும் படிக்கிற பிள்ளைகளை வேலைக்கு எடுப்பார்கள். நைனா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

உண்மையைச் சொன்னால், முதல் வாரம் எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. விடிவதற்கு முன்னால் சித்தூரில் வேலூர் பஸ் ஏறி, தமிழ்நாட்டு எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே நடந்தால் ஒரு தமிழ் ஊர். ஊருக்கு மேற்கே ஏரி. எத்தனையோ வருஷமாகத் தூர் வாராமல் மேடு தட்டிப்போய், மழை பெய்தால் தண்ணீர் வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் இருந்தது. அந்தக் கோடையில் ஒரு சொட்டு இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். அடியில் இருந்த வண்டல் கறுப்பாக, கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழவழவென்று இருக்கும்.

அந்த வண்டலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கோடையில் ஏரி வற்றினால், ஏரிக்குக் கீழே நஞ்சை வைத்திருப்பவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வண்டலை அள்ளித் தங்கள் வயலில் கொட்டிக்கொள்வார்கள். ஊருக்கு வெளியே இருந்த காலனிக்காரர்கள் அவர்களுக்காக வெட்டிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். வண்டலை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் என்ன செய்ய முடியும்? நிலம் என்று ஒன்று இருந்தால்தானே.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் அவர்களுக்கு நிலம் வந்திருந்தது. சர்க்கார் பட்டா கொடுத்திருந்தது. எங்கே தெரியுமா? ஊருக்கு வெளியே கரட்டுச் சரிவில். மொரம்பு. கடப்பாரையைப் போட்டால் டங்கென்று சத்தம் வரும், நெருப்புப் பொறி பறக்கும். ஆடு கூட நிற்காமல் தாண்டிப் போகிற இடத்தை ஏழைக்கு நிலம் என்று கொடுத்துவிட்டு, அதில் பயிர் வைக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று நிபந்தனையும் வைத்திருந்தார்கள்.

சங்கத்தின் யோசனை நல்ல யோசனை. அதை நான் மறுக்க மாட்டேன். காலனிக்காரர்கள் ஏரியைத் தூர் வாரட்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏரிக்குள் ஒரு பட்டை அளந்து விடுவோம். அவரவர் வெட்டிய மண்ணை அவரவர் கரையோரம் குவிக்கட்டும். அந்தக் குவியல் அவர்களுடையது. மொரம்பில் கொட்டிக் கொத்திவிட்டால் வேர்க்கடலை போடலாம். ஏரியும் ஆழமாகும், கரடும் நிலமாகும். கூலி கிடையாது, மண்தான் கூலி. இதைக் காலனியில் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னைப் போன்ற கோடை வேலைக்காரர்கள். பெண் பிள்ளை சொன்னால் பெண்கள் நம்புவார்கள் என்று என்னை முன்னால் விட்டார்கள்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயசு மூத்தவளாக இருப்பாள். புருஷனுக்குச் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவான். நிலத்தோடு மல்லுக்கு நின்றதெல்லாம் இவள்தான். முதல் வருஷம் போட்ட கடலை முளைக்கவில்லை. அடுத்த வருஷம் முளைத்தது, வெயிலில் வெந்தது. இந்த வருஷமும் நிலம் வெறுமனே கிடந்தால் தரிசு என்று மேலே எழுதி அனுப்பிவிடுவேன் என்று ஊர்க் கணக்கு எழுதுகிற கரணம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் போய் நின்றபோது அவள் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

"வெட்டற மண்ணு எங்களுக்கா? மெய்யாலுமா?"

"மெய்தான்க்கா. சங்கத்துல பேசி முடிவு பண்ணிட்டாங்க."

"அப்பால வண்டிக்காரன் வந்து அள்ளிக்கினு பூட்டான்னா?"

"எப்படி அள்ளுவான்? ஐயரே சொல்லியிருக்கார்."

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம். அவர் சித்தூரிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு அந்த ஊர்க் கோயிலுக்கு ஆராதனை நடத்த வருவார், காலனியே அந்தச் சபைதான். அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். "ஐயரு சொன்னா சரி பாப்பா" என்றாள். நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க அவள் வெட்டியதைப் பார்த்தவர்கள்தான் நான் இப்போது ஏன் பல்லைக் கடிக்கிறேன் என்று புரிந்துகொள்வார்கள். இருட்டு பிரிவதற்குள் வந்துவிடுவாள். வெட்டுவதும் அவள், கூடையில் அள்ளுவதும் அவள், தூக்கிவிட ஆள் இல்லாமல் கூடையை முட்டி மேல் வைத்து அங்கிருந்து தலைக்கு ஏற்றுவதும் அவள். நானும் மற்ற பிள்ளைகளும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்போம், பட்டை தாண்டி வெட்டிவிட்டான் என்று யாராவது சண்டை பிடித்தால் கயிறு போட்டு அளந்து காட்டுவோம். குவியல் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொருவரும் ஒரு குச்சியில் தங்கள் பழைய துணியைக் கிழித்துக் கட்டி நட்டிருந்தார்கள். அக்காவின் குச்சியில் மஞ்சள் ரவிக்கைத் துணி. சாயங்காலம் போகும்போது குவியலை மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டிச் சரி செய்வாள்.

"என் புள்ளைங்களக்கூட இப்டித் தட்டித் தூங்க வச்சதில்ல, பாத்துக்க" என்று சிரிப்பாள். சனிக்கிழமை புருஷனும் வந்து சேர்ந்துகொள்வான். கரையில் இருந்த குவியல்களிலேயே அவர்களுடையதுதான் பெரிது.

இனி அந்த ஏலத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் புரியும். எங்கள் சபைகளில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் தோட்டத்தில் விளைந்ததை, வீட்டில் வளர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், முட்டை, ஒரு படி கேழ்வரகு. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். அது கடைத்தெரு ஏலம் இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ஆட்டுக்குட்டி விலை கொடுப்பார்கள். எடுத்தவர் அதைப் படைத்த ஏழைக் கிழவியின் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். அவள் அதை மறுபடியும் படைப்பாள், மறுபடியும் ஏலம் போகும். கோயிலுக்குக் காசு சேரும், பொருள் கொடுத்தவளிடமே போய்ச் சேரும், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சின்ன வயசில் எனக்குக் கிறிஸ்துமஸை விட அந்த நாள்தான் பிடிக்கும். கமிட்டியின் பொருளாளர்தான் எப்போதும் ஏலம் போடுவார். ஜவுளிக் கடைக்காரர், நல்ல தொண்டை, தமிழும் தெலுங்கும் கலந்து அடித்து விடுவார்.

ஏரி வேலை முடியப் போகிற நேரத்தில் மதகுக் கதவு துருப்பிடித்து இற்றுப் போயிருப்பது தெரிந்தது. மதகு சரியில்லாமல் ஏரியை ஆழப்படுத்திப் பிரயோஜனம் இல்லை. சங்கத்தில் கையிருப்பு இல்லை. அப்போதுதான் பொருளாளருக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. மண் குவியல்களை எல்லாரும் கர்த்தருக்குப் படைக்கட்டும். அறுப்பின் பண்டிகை போல ஏலம் விடுவோம். வசதி உள்ளவர்கள் எடுத்து, வெட்டியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்கள். மதகுக்குக் காசும் ஆயிற்று, மண்ணும் எங்கேயும் போகாது. கமிட்டியில் அத்தனை பேரும் படித்தவர்கள். ஒருவருக்காவது இது கோயிலுக்குள் நடக்கப்போவதில்லை, ஏரிக்கரையில் ஊர் பார்க்க நடக்கப்போகிறது என்று தோன்ற வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானும் போயிருந்தேன். பிரசங்கம் முடிந்து ஐயர் விஷயத்தைச் சொன்னார். பிறகு, "கர்த்தருடைய வேலைக்கு உங்க குவியலைக் கொடுக்க மனசு உள்ளவங்க எழுந்து நில்லுங்க" என்றார்.

கோயிலில், பலிபீடத்துக்கு முன்னால், அங்கி போட்ட ஐயர் கேட்கிறார். கர்த்தருக்குக் கொடுக்க மனசு இல்லை என்று எவள் உட்கார்ந்திருப்பாள்? முதலில் ஒரு வரிசை எழுந்தது, பிறகு எல்லாரும். அக்கா பக்கத்தில் இருந்தவளை ஒரு பார்வை பார்த்தாள், மடியில் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். ஐயர் சந்தோஷமாக ஆசீர்வாதம் சொன்னார். சபை ஏகமனதாகச் சம்மதித்தது என்று பின்னாளில் எத்தனை தடவை என் காதுபடச் சொன்னார்கள்! சம்மதமாம். கழுத்தில் கை வைத்தால் கூட இதைவிட இடம் இருக்கும், கத்தவாவது செய்யலாம்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "திருப்பிக் குடுத்துருவாங்க இல்ல பாப்பா?"

"பண்டிகைல குடுக்கற மாதிரியேதான்க்கா." எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

ஏலத்துக்கு முந்தின நாளே தண்டோரா போட்டார்கள். அந்த ஊரில் மட்டுமா, சுற்றுப்பட்டு எல்லா ஊரிலும். காசு அதிகம் சேரட்டும் என்ற ஆசை. மறுநாள் காலையில் நாங்கள் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு டிராக்டர்களும் ஒரு வரிசை மாட்டு வண்டிகளும் நின்றிருந்தன. வந்தவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. கரும்புக்கு மண் தேடி வந்த விவசாயிகள். எங்கள் கோயில் வாசலை அவர்கள் மிதித்ததில்லை. எலுமிச்சம்பழக் கதையெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பொருளாளர் ஜபம் பண்ணித் தொடங்கினார். முதலில் சின்னக் குவியல்கள். எங்கள் சபையில் வசதியான இரண்டு மூன்று பேர் ஏலம் கேட்டு எடுத்து, வழக்கம் போலத் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. அடுத்தது மஞ்சள் துணி. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு டிராக்டர்காரர் கேட்டார். எங்கள் ஆள் ஒருவர் மேலே கேட்டார். அவர் அதற்கும் மேலே போனார். எங்கள் ஆள் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார், யார் எடுத்தால் என்ன, திரும்பி வரப்போகிற மண்தானே.

"ஒகட்டோ சாரி... ரெண்டோ சாரி... மூடோ சாரி!" என்று மூன்று தரம் கூவி முடித்தார் பொருளாளர், பண்டிகைக் குரலில்.

டிராக்டர்காரர் காசை எண்ணிக் கொடுத்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் திரும்பி டிரைவரைப் பார்த்து, மண்ணை ஏற்று என்றார்.

பொருளாளர் இருமினார். பக்கத்தில் போய், "அன்னா, மா சபலோ ஒக அலவாட்டு உந்தி..." என்று இழுத்து, எங்கள் சபையில் இப்படி ஒரு பழக்கம் உண்டு என்று விளக்கத் தொடங்கினார்.

"வேலம்லோ கொன்னானு. இங்கேம் அலவாட்டு?" என்றார் அந்த மனிதர். ஏலத்தில் வாங்கிவிட்டேன், இனி என்ன பழக்கம். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை. சந்தையில் மாடு வாங்கியவனிடம் மாட்டைத் திருப்பிக் கொடு என்றால் கொடுப்பானா? அவர் கேட்டது நியாயமான கேள்வி.

நான் கமிட்டித் தலைவரிடம் ஓடினேன். "ஐயா, நிறுத்துங்க. அவர் காசை அவர்கிட்டயே குடுத்துடுங்க. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுங்க" என்றேன். நாலு பேர் பார்க்கக் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "ஏலம் விட்டது விட்டதும்மா. நாலு ஊர்க்காரங்க முன்னால வாக்குத் தவறலாமா? நம்ம சபைப் பேரும் சாட்சியும் கெட்டுப்போகும்" என்றார்.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் டிராக்டர்காரருக்குக் கொடுத்தது வாக்கு. ஒரு மாதத்துக்கு முன்னால் மிளகாய்க் கையோடு எழுந்து வந்தவளுக்குக் கொடுத்தது வாக்கு இல்லையா? அதைக் கொடுத்தது என் வாய்தான், ஆனால் சொல்ல வைத்தவர்கள் அவர்கள். இதைக் கேட்டேன். "பெரியவங்ககிட்ட இப்படிப் பேசறதா" என்று ஒரு அம்மாள் என் தோளைப் பிடித்து இழுத்தாள். நிறுத்தவே இல்லை. அன்று மத்தியானத்துக்குள் பெரிய குவியல்கள் அத்தனையும் வண்டி ஏறிப் போயின.

அக்கா டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று, ஆட்கள் மண்வாரியால் தன் குவியலை அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரெய்லர் நகர்ந்த பிறகு தரையில் ஒட்டியிருந்ததைக் கையால் வழித்து, ஒரு கூடைக்கும் குறைவாகத்தான் சேர்ந்தது, தலையில் வைத்துக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் விடுவதாக இல்லை. நைனாவிடம் சண்டை போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். தலைமை ஆபீஸ் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. கீழே தெரு முழுக்க மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய கூட்டம், லட்டு மூட்டையும் பிள்ளைகளுமாகப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மேலே மின்விசிறிக்குக் கீழே செயலாளர் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர், காபி வாங்கிக் கொடுத்தார், நான் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எல்லாருக்கும் சேர்த்துப் பாரும்மா. ஏரி ஆழமாச்சா? மதகு சரியாகப் போகுதா? இந்த வருஷம் தண்ணி நிக்குமா இல்லையா?"

"நிக்கும் சார். அவங்க நெலம் மேட்டுல கீது. ஏரித் தண்ணி அங்க ஏறாது." கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"அது வேற விஷயம்" என்றார்.

அது வேறு விஷயம்! வெட்டியது அவர்கள், படைத்தது அவர்கள், மதகுக்குக் காசு வந்தது அவர்கள் மண்ணால். தண்ணீர் மட்டும் கீழே கரும்புக்குப் போகும். அவர்கள் நிலம் என்ன ஆகும் என்பது மட்டும் வேறு விஷயம். நான் காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் மழை நன்றாகவே பெய்தது. ஏரி நிறைந்தது. சங்கத்தில் நன்றிக் கூட்டம் வைத்தார்கள். அக்கா அந்த ஒரு கூடை வண்டலை நிலத்தின் ஒரு மூலையில் தூவி, மீதி மொரம்பிலும் கடலையைப் போட்டாள். மூலையில் மட்டும் கொஞ்சம் பச்சை பிடித்தது, மற்றதெல்லாம் விரல் உயரம் வந்து மஞ்சளாகிக் கருகியது. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுப் பாட அந்த ஊருக்குப் போனபோது காலனியில் கேட்டேன். கரணம் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்றார்கள். அவள் வீட்டுக்கு முன்னால் நின்று நாங்கள் பாடியபோது உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. அவள் திறக்காததில் எனக்கு வருத்தம் இல்லை, நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

அடுத்த கோடைக்கு அந்தச் சங்கத்தின் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று சொல்லியிருந்தேன். ஐயரே வீட்டுக்கு வந்தார். "போன வருஷம் நடந்ததுல எனக்கும் மனக்கஷ்டம்தான்மா. இந்த வருஷம் ஏரி இல்லை, ஏலம் இல்லை. மரம் வைக்கிற வேலை" என்றார். நைனா என்னை முறைத்தார். எனக்கும் பயிற்சி முடிந்து இன்னும் வேலை வரவில்லை. மரம்தானே, அது யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் அதே பஸ், அதே கரும்புக் கொல்லை வழி. ஆனால் ஏரிக்குப் போகாமல் வடக்கே திரும்பிக் கரட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். சரிவில் ஏறியதும் எனக்கு இடம் தெரிந்துவிட்டது. வரிசையாக மொரம்பு நிலங்கள். சிலவற்றில் கொள்ளுச் செடியின் காய்ந்த தாள் இருந்தது. ஒரு துண்டில் மட்டும் ஒன்றும் இல்லை, மூலையில் பொறுக்கிக் குவித்த கற்களைத் தவிர.

"இந்த இடந்தான்" என்றார் கமிட்டித் தலைவர். "தரிசுன்னு சர்க்கார் திருப்பி எடுத்துக்கிச்சு. நாம கேட்டு வாங்கினோம். இப்பக் குழி எடுத்து வச்சா, மழைக்குப் புங்கமும் தைலமரமும் வச்சுடலாம். காலனி ஆளுங்களுக்கும் தினக்கூலி கிடைக்கும்."

காலனியிலிருந்து ஆட்கள் கடப்பாரையும் கூடையுமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தது அக்கா. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினாள். எல்லாரும் வட்டமாக நிற்க, பொருளாளர் கண்ணை மூடி ஜபம் பண்ணினார். யாருக்கும் உதவாமல் வெறுமையாய்க் கிடந்த இந்த நிலத்தை எங்கள் கையில் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம் என்றார். நல்ல தொண்டை என்று முன்பே சொன்னேன். கரடு முழுக்கக் கேட்டது.

ஆமென் சொல்லி முடிப்பதற்குள் நான் வாயைத் திறந்துவிட்டேன். "ஐயா, இது யார் நெலம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கினேன். கையில் வைத்திருந்த சுண்ணாம்புப் பையைத் தரையில் போட்டேன். குழி எடுக்கும் இடங்களில் சுண்ணாம்பு வைத்துக் காட்டுவதுதான் என் வேலை. "நான் இந்த வேலைய செய்ய மாட்டேன். இப்பவே போறேன்" என்றேன். கமிட்டித் தலைவர் மறுபடியும் அந்தப் பொறுமையான பார்வையைப் பார்த்தார்.

அக்கா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முகத்தில் இருந்தது நன்றி இல்லை, எரிச்சல்.

"இன்னா பண்ணிக்கினு கீற நீ?"

"அக்கா, இது உன் நெலம்..."

"எனுக்குத் தெரியாதா? நீ சொல்லணுமா?" குரலை அடக்கிக்கொண்டு பேசினாள். "நீ கத்துனா இவங்க வேலைய நிறுத்திக்கினு பூடுவாங்க. உனுக்குக் கோவம் வந்தா பஸ் ஏறி வூட்டுக்குப் போயி சோறு துன்னுவ. நா இன்னாத்த துன்றது? எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்? மண்டில அவருக்கு வேல இல்ல, முதுவு புடிச்சிக்கினு படுத்துக்கினு கீறாரு. எனுக்கு இன்னிக்குக் கூலி வேணும்."

நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை. ஆத்திரத்தில் வந்த அழுகை அது. அந்த ஆத்திரத்தைக் கொண்டுபோய் யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. கொட்டினால் அவள் கூலியில் போய் விழும். இப்படி ஒரு கட்டுப் போட்டு வைத்திருக்கிறார்களே, நியாயம் கேட்டாலும் அடி அவளுக்குத்தானே. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோபம் மட்டும் கூடவே இருக்கிறது.

அக்கா போய்ச் சுண்ணாம்புப் பையை எடுத்துத் தட்டி என் கையில் கொடுத்தாள். கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க குழி எடுக்கறதுன்னு காட்டு பாப்பா. வெயில் ஏறிக்கினு கீது."

கற்களைப் பொறுக்கிப் பொறுக்கி அவளே திருத்திய நிலத்தில் நின்றுகொண்டு, எங்கே தோண்ட வேண்டும் என்று என்னைக் கேட்டாள். நான் குனிந்து சுண்ணாம்பை வைத்துக் காட்டினேன்.